காலரில் ஆரம்பித்தவர்

என் மருமகனை அவர் வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மடிப்பண்ணன் என்றால்தான் திரும்புவார். பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடமாகச் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறார். விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் வரும். மதியம் இரண்டரைக்கு வீடு திரும்பும்போது முகம் ஆவியில் வெந்து சிவந்திருக்கும். அதற்குள் நூற்றைம்பது சட்டையாவது அவர் கையைத் தாண்டிப் போயிருக்கும்.

அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள். புருஷனைப் பற்றி நல்லதாகச் சொன்னால் பேனா ஓடுகிறது, குறை சொன்னால் மை தீர்ந்துவிட்டது என்கிறாள்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் கழுத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். சட்டைக்கு இஸ்திரி போடும் வரிசை அது. முதலில் காலர், அப்புறம் தோள், அப்புறம் மணிக்கட்டில் பட்டன் போடுகிற கைப்பட்டி, அப்புறம் கை. முன்பக்கமும் முதுகும் கடைசியில். வரிசை மாறினால் முன்னால் போட்டது பின்னால் கசங்கிவிடுமாம். அந்த வரிசை அவர் உடம்பில் ஊறிப்போய்விட்டது. குளிக்கும்போது முதல் சொம்பு கழுத்துக்குத்தான். பேத்தி கைக்குழந்தையாக இருந்தபோது கவுன் மாட்டிவிடுவார் பாருங்கள், காலரை நீவி நேராக்கிவிட்டுத்தான் கையை நுழைப்பார். அதுவரை குழந்தை தலை மாட்டிக்கொண்டு உள்ளேயிருந்து கத்தும். நாங்கள் சிரிப்போம். அந்தப் பழக்கம் எங்களை எங்கே கொண்டு போய் நிறுத்தும் என்று அப்போது தெரியவில்லை.

நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை. இங்கே குடியிருக்க ஆளுக்கொரு கார்டு வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். மருமகனுடையது வேலைக்காகக் கொடுத்த கார்டு. மகளுடையது, பேத்தியுடையது, என்னுடையது மூன்றும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவை. ஒரே கொடியில் காயப்போட்ட துணி மாதிரி. கொடி அறுந்தால் நாலும் மண்ணில்தான்.

பேத்திக்கு அது பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். பெரிய பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. அவள் படித்தது முழுக்க இந்த நாட்டுப் பாஷையில். நடுவில் ஊருக்கு அனுப்பினால் அங்கே எந்த வகுப்பில் உட்காருவாள்? அவளை விட நாலு வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்ட வேண்டும். எழுத்து தெரியாமல் ஒரு வாழ்க்கையை ஓட்டியவள் நான். எனக்குத் தெரியும் அந்த வெட்கம்.

ஒரு மத்தியானம் மகள் செல்போனைப் பார்த்துக்கொண்டே அடுப்படிக்கு வந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் கவனிக்கவில்லை, நான்தான் அணைத்தேன்.

"அம்மா, கார்டுக்குப் புது ரூல் போட்டிருக்காங்க. இனிமே புதுப்பிக்கணும்னா, கார்டுல என்ன தொழில் எழுதியிருக்கோ அந்தத் தொழில்ல பரீட்சை வைப்பாங்களாம். அவங்க கண்ணு முன்னாடி செஞ்சு காட்டணும்."

"அதுக்கென்னடி? உன் புருஷனுக்கா இஸ்திரி போடத் தெரியாது? பரீட்சை வைக்கிறவன் சட்டையையும் கழற்றி வாங்கிப் போட்டுக் குடுத்துட்டு வருவார்."

அவள் சிரிக்கவில்லை. மருமகனுடைய கார்டை எடுத்துவந்து, போட்டோவுக்குக் கீழே இருந்த ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இங்க இஸ்திரின்னு போடலம்மா. தையல்காரர்னு போட்டிருக்கு."

அந்தக் கார்டை நான் எத்தனையோ தடவை துடைத்து வைத்திருக்கிறேன். அந்த வரியின் மேலேயே துணி போட்டுத் துடைத்திருக்கிறேன். அதில் இஸ்திரி என்றுதான் எழுதியிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அந்தச் சலவைக்கூடத்துக்கு ஒரே நாளில் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் என் மருமகன், இஸ்திரி வேலைக்கு. இன்னொருவர் தையல்காரர், விருந்தாளிகளின் துணியில் அறுந்த பட்டன், பிரிந்த ஓரம் தைக்க. அவரைப் பட்டன்காரர் என்போம். கார்டு அடித்து வந்தபோது இருவரின் தொழிலும் மாறி வந்துவிட்டது. இவருக்குத் தையல், அவருக்கு இஸ்திரி. இருவரும் போய்ச் சொன்னபோது மேனேஜர், "வேலை நடக்குதா? நடந்தா சரி. அந்த வரியை எவன் படிக்கப் போறான்?" என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னது மாதிரியே பதினெட்டு வருடம் எவனும் படிக்கவில்லை.

மருமகன் அன்று வீட்டுக்கு வந்ததும் மகள் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. சலவைக்கூடம் முழுக்க அதே பேச்சாம். சாயங்காலம் பட்டன்காரரும் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைக் காலருக்கு அடியில் எப்போதும் நாலு ஊசி குத்தி வைத்திருப்பார். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு அறை, ஒரு அடுப்படி. இருவரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். பேத்தி மூலையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு, படிக்காமல் இதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு வழி இருக்கு," என்றார் மருமகன். "தொழில் தப்பா பதிவானவங்க முப்பது நாளுக்குள்ள போய்த் திருத்திக்கலாம்னு அதே ரூல்லயே போட்டிருக்கான். மேனேஜர் கடிதம் தரேன்னு சொல்றார். ஆனா ரெண்டு பேரும் ஒண்ணா போய்க் கையெழுத்துப் போடணும். ஒருத்தன் மட்டும் மாத்த முடியாது."

"போயிடலாம் மடிப்பண்ணே," என்றார் பட்டன்காரர். "எனக்கும் இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கவே தெரியாது."

அப்போதுதான் நான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தேன்.

"யாரும் எங்கயும் போக வேண்டாம்."

"அத்தை..."

"மாப்பிள்ளை, நான் சொல்றதைக் கேளுங்க. பதினெட்டு வருஷமா பொய்க் கார்டு வச்சிருந்தோம்னு நீங்களே போய் எழுதிக் குடுப்பீங்களா? கீழ் வீட்டுச் சமையல்காரர் என்ன ஆனார்? உண்மையைச் சொல்றேன்னு கவுன்டர்ல போய் நின்னார். ஒரு வாரத்துல மூட்டை கட்டிட்டார். பாத்திரத்தைக் கூட எடுத்துக்க நேரம் குடுக்கலை."

"அவர் கார்டைத் தொலைச்சுட்டு ஒரு வருஷம் சொல்லாம இருந்தார், அத்தை. அது வேற கதை."

"எல்லாம் ஒரே கவுன்டர்தானே!"

மருமகன் மாமியாரிடம் எதிர்த்துப் பேசாத மனிதர். பட்டன்காரர் என்னைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார்.

"அம்மா சொல்றதும் சரின்னுதான் படுது. வலையை விரிச்சு வச்சுட்டு, வாங்க வாங்கன்னு கூப்பிடுற மாதிரியும் இருக்கு."

"அப்ப என்னதான் செய்யுறது?" என்றாள் மகள்.

"நீங்க அவருக்கு இஸ்திரி சொல்லிக் குடுங்க, அவர் உங்களுக்குத் தையல் சொல்லிக் குடுக்கட்டும். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேஜை. பதினெட்டு வருஷமா பார்த்துட்டு இருந்ததுதானே?" என்றேன் நான்.

எனக்கு என்னவோ பெரிய யோசனை சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. மருமகன் மட்டும் கட்டில் விரிப்பில் இருந்த ஒரு சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தார். நீவ நீவ அது இன்னொரு பக்கம் போய் எழுந்தது.

மறுநாளே பட்டன்காரர் தன் பழைய தையல் மெஷினை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். சாப்பாட்டு மேஜை ஓரத்துக்குப் போனது. நாங்கள் தரையில் சாப்பிட்டோம். தினமும் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் இவர் தைப்பார், அவர் இஸ்திரி போடுவார். முதல் வாரம் அந்த அறையில் கேட்ட சத்தம் இரண்டுதான். ஒன்று ஊசி உடையும் சத்தம், இன்னொன்று "ஐயோ கருகுதே" என்று மகள் கத்தும் சத்தம். என் பழைய மெல்லிய வாயல் புடவை ஒன்றில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு பழுப்பாக விழுந்திருக்கிறது, இன்றைக்கும் பார்க்கலாம்.

"அம்மா, மன்னிச்சுக்கங்க."

"பரவாயில்லப்பா. முந்தானைக்கு ஒரு டிசைன் குறைஞ்சிருந்துது."

மருமகன் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டார். நேர்த்தையல் வந்தது. வளைவு வந்தது. காலர் முனையைக் கூராகத் திருப்பி எடுக்கும் வித்தை கூட வந்தது. தன் கையில் தினமும் புரண்ட சாமானாயிற்றே! முழுச் சட்டையும் மூன்று தைத்துவிட்டார். பட்டன்காரர் பக்கத்தில் நின்று வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவார், இவர் வாங்கி வாங்கித் தைப்பார். அப்படி நீட்டியதில்தான் எங்கள் தலையெழுத்து இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

முப்பது நாள் கெடு முடிந்தது. திருத்தும் கவுன்டரை மூடிவிட்டார்கள். மூடிய மறுநாள் மாடி வீட்டு டிரைவர் இனிப்போடு வந்தார். அவர் கார்டில் தோட்டக்காரர் என்று இருந்ததாம். போய்ச் சொன்னாராம், பத்தே நாளில் டிரைவர் என்று மாற்றிக் கொடுத்துவிட்டார்களாம். ஒரு கேள்வி கேட்கவில்லையாம். மகள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். இனிப்பை யாரும் தொடவில்லை. தட்டோடு இரண்டு நாள் இருந்தது.

முதலில் பட்டன்காரருக்குப் பரீட்சை வந்தது. இருபது துணி கொடுத்து இஸ்திரி போடச் சொன்னார்களாம். ஒன்றைக் கருக்கினார், ஆனாலும் தேறிவிட்டார். அடுத்த வாரம் மருமகனுக்கு.

பரீட்சைக் கூடத்துக்கு நானும் மகளும் கூடவே போனோம். நடைபாதையில் நீளமான பெஞ்சு. எதிரே கண்ணாடிச் சுவர், அதற்குள்ளே எட்டு மெஷின். பேச்சு கேட்காது, ஆள் தெரியும். மருமகன் மூன்றாவது மெஷினில் உட்கார்ந்தார். வெட்டிய துண்டுகள் ஒரு கட்டு கொடுத்தார்கள். முழுக்கைச் சட்டை, மூன்று மணி நேரம். மேற்பார்வை பார்த்தவர் வயதானவர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

மருமகன் கட்டைப் பிரித்தார். துண்டுகளை மேஜையில் பரப்பினார். நீட்ட ஆள் இல்லை. ஒரு நிமிஷம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் கை தானாகப் போய் ஒரு துண்டை எடுத்தது.

"என்னத்த எடுத்திருக்கார்?" என்றேன் மகளிடம்.

"காலர்."



காலரை என்ன அழகாகத் தைத்தார் தெரியுமா! முக்கால் மணி நேரம் ஆனதென்று மகள் சொன்னாள். முனை திருப்பி, ஓரம் அடித்து, தூக்கிப் பிடித்துப் பார்த்து, கட்டைவிரலால் நீவி மேஜையின் தலைமாட்டில் வைத்தார். அப்புறம் தோள் துண்டு. அப்புறம் கைப்பட்டி இரண்டு. அப்புறம் கை இரண்டு. பக்கத்து மெஷின்காரர்கள் எல்லாரும் அதற்குள் முன்பக்கத்தையும் முதுகையும் சேர்த்து, சட்டை என்று சொல்லும்படி ஒன்றை மடியில் போட்டுவிட்டார்கள். இவர் மேஜையில் மட்டும் துண்டு துண்டாக அடுக்கி இருந்தது. நான் எழுந்து கண்ணாடியைத் தட்டப் போனேன், மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தட்டினா வெளிய அனுப்பிடுவாங்கம்மா, உட்காரு!"

"உடம்பை எடுக்கச் சொல்லுடி அவரை! உடம்பை!"

சுவர்க் கடிகாரத்தைப் படிக்க எனக்குத் தெரியாது, ஆனால் பெரிய முள் மேலே ஏறுவது தெரியும். அது மூன்றாவது தடவை உச்சிக்குப் போனபோது மருமகன் முதுகுத் துண்டைக் கையில் எடுத்திருந்தார். மணி அடித்தது. அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் வந்து நின்றார். காலரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். கைப்பட்டிகளைப் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டிவிட்டு ஏதோ எழுதினார். ஒரு ஆளின் கழுத்தும் கைகளும் மட்டும் வந்து சேர்ந்து, உடம்பு எங்கோ எல்லையில் நின்றுபோன மாதிரி கிடந்தது அந்த மேஜையில்.

தேறவில்லை. பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. அதிலும் போனால் கார்டு முடிகிற தேதியில் நாங்கள் எல்லாரும் வெளியே. பேத்தியின் பெரிய பரீட்சைக்கு அப்போது ஒரு மாதம் கூட மிச்சம் இருக்காது.

பட்டன்காரர் ஓடிவந்தார். கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"எது முதல்ல, எது அப்புறம்னு நான் சொல்லவே இல்லையே மடிப்பண்ணே! அது ஒருத்தருக்குத் தெரியாம இருக்கும்னே எனக்குத் தோணலை. நான்தானே எடுத்து எடுத்து நீட்டினேன்."

"உங்க மேல தப்பில்லை. எனக்கு மேஜைல துணியைப் பார்த்ததும் கை காலருக்குப் போயிடுது. இது வரிசை, இது வரிசைன்னு நீங்க சொல்றது காதுல விழுது, கைல விழமாட்டேங்குது."

உண்மைதான். அடுத்த மூன்று நாளும் பட்டன்காரர் வரிசையைச் சொல்லச் சொல்ல, இவர் திருப்பிச் சொன்னார். பள்ளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார். மெஷினில் உட்கார்ந்தால் பாதியில் மறந்துபோய்க் கைப்பட்டியைத் தேடினார். வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் பெட்டிகளை இறக்கித் தூசி தட்டினாள். "சும்மா துடைக்கிறேன்" என்றாள். பேத்தி ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்: "பாட்டி, அங்க என்னை எந்த வகுப்புல சேர்ப்பாங்க?" நான் அவள் தலையை வாரிவிட்டேன். ஏற்கெனவே வாரிய தலை.

நாலாம் நாள் மருமகன் வேலையிலிருந்து வரும்போது ஒரு மூட்டை பழைய சட்டை கொண்டுவந்தார். கிழிந்து போய் ஓட்டல் சிப்பந்திகள் கழித்துக் கட்டியவை. மெஷின் பக்கமே போகவில்லை. தரையில் உட்கார்ந்து பிளேடை எடுத்தார்.

"என்ன மாப்பிள்ளை செய்யுறீங்க?"

"பிரிக்கிறேன் அத்தை."

காலரைப் பிரித்தார். தனியாக வைத்தார். தோள் துண்டைப் பிரித்தார். கைப்பட்டியைப் பிரித்தார். அடுத்து வைத்தார். அப்புறம் கை. அவருக்குத் தெரிந்த வரிசையிலேயே, இஸ்திரி போடுகிற வரிசையிலேயே சட்டையைப் பிரித்துக்கொண்டு போனார். கடைசியில் முன்பக்கமும் முதுகும் மட்டும் கையில் நின்றன. பட்டன்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தவர், மெல்லக் குனிந்தார்.

"இப்ப கைல இருக்குல்ல, இங்கேருந்து ஆரம்பிச்சுத் திரும்பி வாங்க."

"அதான். புது வழி எல்லாம் என் கைக்கு ஏறாது. வந்த வழியே திரும்பிப் போறதுன்னா ஏறும்."

"முழுக்கத் தலைகீழா இல்ல. தோள் துண்டு முதுகோடயே ஒட்டிக்கட்டும், கைப்பட்டி கடைசி. மத்தபடி சரியா வருது அண்ணே!"

அன்றிலிருந்து பிரிப்பதும் தைப்பதுமாக ஓடியது. பிரித்த சட்டையையே மறுபடி தைப்பார், அதையே மறுபடி பிரிப்பார். ஒரே சட்டையை ஒன்பது தடவை. துணி தாங்கவில்லை, தையல் போட்ட இடமெல்லாம் சல்லடையாகிவிட்டது. வீடு முழுக்க நூல் துண்டு. சாதத்தில் நூல் வந்தது, படுக்கையில் நூல் வந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன வாய் இருந்தது? கரண்டியோடு நின்று கவுன்டரை மூடியவள் நான்தானே.

இரண்டாவது பரீட்சைக்கும் அதே பெஞ்சு, அதே கண்ணாடிச் சுவர், அதே பெரியவர். இந்தத் தடவை பேத்தியும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பள்ளிக்குப் போ என்று நான் சொன்னேன், கேட்கவில்லை. யாருடைய பேத்தி!

மருமகன் துண்டுகளைப் பரப்பினார். அவர் கை காலருக்குப் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாட்டி, காலரை எடுத்துத் தூரமா வச்சுட்டார்," என்றாள் பேத்தி. "கைப்பட்டியையும் எடுத்துத் தள்ளி வைக்கிறார். பிரிக்கிற மாதிரியே ஒவ்வொண்ணா தள்ளி வைக்கிறார்."

கண்ணைத் திறந்தேன். மேஜையில் முன்பக்கமும் முதுகும் தோள் துண்டும் மட்டும் இருந்தன. அவற்றை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்தார்.

அந்த மூன்று மணி நேரத்தை எப்படிச் சொல்வது? நடுவில் நூல் அறுந்தது. அடியில் பாபின் என்கிற நூல்கண்டு தீர்ந்துபோய், அது தெரியாமல் ஒரு முழக் கோடு வெறும் ஓட்டையாக ஓடியது. மறுபடி போட்டார். மகள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பெரிய முள் ஏறியது. கை இரண்டும் சேர்ந்தன. காலர் ஏறியது. ஒரு கைப்பட்டி. இன்னொரு கைப்பட்டி. அடி ஓரம் பாதி மடித்து அடித்திருந்தபோது மணி அடித்தது. கண்ணாடிக்காரர் வருவதற்குள் மீதி ஓரத்தையும் ஓட்டி முடித்தார். பார்த்தும் பார்க்காத மாதிரி அந்த மனிதர் இரண்டு மெஷின் தள்ளி நின்று நின்று நடந்தார். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

முடித்தவர் சும்மா இருந்திருக்கலாம். சட்டையை மேஜையில் போட்டார். காலரை நிமிர்த்தினார், கையை மடக்கினார், இரண்டு தட்டுத் தட்டினார், மூன்று மூச்சு விடுவதற்குள் துணிக்கடைக் கண்ணாடி ஜன்னலில் வைக்கிற மாதிரி மடித்து எதிரே வைத்துவிட்டார். எந்தத் தையல்காரன் அப்படி மடிப்பான்? எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கண்ணாடிக்காரர் மூக்கில் கண்ணாடியை ஏற்றினார். மடிப்பைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். ஏதோ கேட்டார். மருமகன் ஏதோ சொன்னார். அந்த மனிதர் மறுபடி கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பேத்தியின் நகம் என் கையில் பதிந்தது. கடைசியில் பெரியவர் மடித்த சட்டையை உதறிப் பிரித்து, உள்பக்கம் திருப்பி, தையலை மட்டும் விரலால் தடவிப் பார்த்து, தாளில் ஒரு கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்த மருமகன் முதலில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன கேட்டார்?" என்றாள் மகள்.

"இப்படி மடிக்க எங்க கத்துக்கிட்டேன்னு கேட்டார். வேலை செய்யுற இடத்துலன்னேன். உன் வேலை என்னன்னு கேட்டார்."

"ஐயோ. என்னங்க சொன்னீங்க?"

"வாய் வரலை. அப்புறம் அவரே, சரி, இங்க தையலைத்தான் பார்க்கணும், மடிப்பைப் பார்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லைன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டார்."

பேத்தி அழுதுவிட்டாள். அவளைத் தேற்றிக்கொண்டே நானும் அழுதேன். அந்தப் பெரியவர் நன்றாக இருக்க வேண்டும். எந்த ஊர்ச் சாமியை அவர் கும்பிடுகிறாரோ, அந்தச் சாமி அவரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

புதுக் கார்டு வந்தது. நாலு பேருக்கும் வந்தது. பேத்தி பரீட்சை எழுதினாள். கதை அதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகக் கால் நீட்டி உட்கார்ந்திருப்பேன். ஆனால் புது ரூலின் கடைசிப் பக்கத்தை அதுவரை யாரும் படிக்கவில்லை. கார்டில் எழுதிய தொழிலைத்தான் செய்ய வேண்டும், சொல்லாமல் கொள்ளாமல் ஆட்கள் வந்து பார்ப்பார்கள், வேறு வேலையில் பிடிபட்டால் அன்றே கார்டு செல்லாது. பரீட்சையில் தேறியவர், எனக்கு அந்தத் தொழில் தெரியாது என்று இனிமேல் போய்ச் சொல்லவும் முடியாது.

மேனேஜர் மறுநாளே மேஜையை மாற்றிவிட்டார். இப்போது சலவைக்கூடத்தில் என் மருமகன் மெஷினில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறார். பட்டன்காரர் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாற்பத்தைந்து வயதில் இருவருக்கும் புதுப் பிழைப்பு. சட்டையில் சுருக்கம் இருக்கிறது என்று விருந்தாளிகள் திருப்பி அனுப்புகிறார்களாம். அது இவர் கண் எதிரிலேயே போய்வரும். ஐந்தடி தூரத்தில் பெட்டி இருக்கிறது, இவர் எழுந்துபோய் அதைத் தொட முடியாது. வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குனிகிறார்களாம். பெயர் மட்டும் மாறவில்லை, மடிப்பண்ணன் மடிப்பண்ணன்தான். நல்லவேளை, கார்டில் அதற்கு ஒரு வரி வைக்கவில்லை.

விடுமுறை நாளில் வீட்டுத் துணி அத்தனைக்கும் அவரே இஸ்திரி போடுகிறார். தலையணை உறை, ஜன்னல் திரை, அடுப்படித் துணி கூட விட்டுவைப்பதில்லை. காலரில்லாத துணியிலும் கழுத்தைத் தேடித்தான் ஆரம்பிக்கிறார். அந்த நேரத்தில் மட்டும் முகத்தில் பழைய சிவப்பு வருகிறது. போன வாரம் அப்படிப் போட்டுக்கொண்டிருக்கும்போது வாசல் மணி அடித்தது. மனிதர் பிளக்கைப் பிடுங்கினார், சூடான பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார், பாய்ந்து மெஷினில் உட்கார்ந்து ஒரு துண்டுத் துணியை ஊசிக்குக் கீழே கொடுத்தார்.

"மாப்பிள்ளை, வீட்ல இஸ்திரி போட்டா எவன் கேட்கப் போறான்? பெட்டியை வெளிய எடுங்க, கட்டில் பத்திக்கப் போகுது."

"கதவைத் திறந்து யாருன்னு பாருங்க அத்தை. முதல்ல பாருங்க."

அன்றைக்குக் கார்டைத் திருத்திக்கொள்ள விடாதது தப்புதான் என்று மகள் சொல்கிறாள். இதை எழுதும்போதும் சொல்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கவுன்டர் எப்படிப்பட்டது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? டிரைவருக்குத் திறந்த கதவு நமக்கும் திறந்திருக்கும் என்று எவன் உத்தரவாதம் கொடுத்தான்? ஆனால் மணி அடித்தால் இனி இந்த வீட்டில் கதவைத் திறக்கப் போவது நான்தான். அதை முடிவு செய்துவிட்டேன். முட்டி வலித்தாலும் நானேதான் எழுந்து போகிறேன். கதவைப் பாதி திறந்து, இடைவெளி முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே மெஷின் சத்தம் ஆரம்பிக்கும் வரைக்கும் நகர்வதில்லை.

போன வாரம் மணி அடித்தது பட்டன்காரர். கையில் ஒரு பை நிறையச் சட்டை.

"அம்மா, வழி விடுங்க. இதையெல்லாம் திருப்பி அனுப்பிட்டாங்க. அண்ணன் ஒரு கை போட்டுக் குடுத்தார்னா நாளைக்குக் காலையில எடுத்துட்டுப் போயிடுவேன்."

படிக்கட்டில் இன்னொரு காலடிச் சத்தம் கேட்டது. நான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். வீட்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அது மேலே ஏறிப் போனது. டிரைவராகத்தான் இருக்கும்.